குறை சொல்லாத நாவு

உணவைக் குறை சொல்லக்கூடாது என்பது பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன்னரே நான் வீட்டில் கற்ற பாடம். ஆணத்தில் உப்புக் கூடினாலும் வாப்பா வாய் திறக்கமாட்டார். பீங்கானைச் சற்றே தள்ளிவைப்பார். உம்மா அதைக் கண்டுகொள்வா. மறுநாள் ஆணம் சரியாக இருக்கும். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை, விருப்பமானதை உண்டு விருப்பமில்லாததை விட்டுவிடுவார்கள் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளதைப் பின்னாளில் வாசித்தபோது, வாப்பாவின் மௌனம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கியது. அந்த மௌனத்தையே நானும் பழகினேன். என் பிள்ளைகளுக்கும் மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். நாற்பத்தேழாவது வயதில் ஒரு வேளைச் சாப்பாடு அந்தப் பாடத்தை நான் அரைகுறையாகத்தான் விளங்கியிருக்கிறேன் என்று காட்டிவிட்டது.

2024 டிசம்பரில், கணித ஆசிரியர்கள் சிலருடன் இரண்டு வாரப் பயிற்சியொன்றுக்காக யப்பான் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஆசிரியர் கலாசாலையில் பயின்று, கிராமப் பாடசாலையொன்றில் இருபது வருடங்களாகப் பின்னமும் சதவீதமும் படிப்பித்து வருபவன் நான். அங்கே எங்களுக்குக் காட்டியது 'பாட ஆய்வு' என்னும் முறை. ஓர் ஆசிரியர் பாடம் நடத்துவார், ஏனைய ஆசிரியர்கள் வகுப்பறைச் சுவரோரம் நின்று அவதானிப்பார்கள். பிறகு எல்லோரும் அமர்ந்து அந்தப் பாடத்தைப் பற்றிப் பேசுவார்கள். பாடம் நடத்தியவரே முதலில் தன் பாடத்தில் எது சரிவரவில்லை என்று சொல்லித் தொடங்குவார். மற்றவர்கள் அந்தக் கேள்வி பொருத்தமில்லை, இந்த உதாரணம் பிள்ளைகளைக் குழப்பியது என்று வெளிப்படையாகச் சொல்வார்கள். பேச்செல்லாம் பாடத்தைப் பற்றியதாகவே இருக்கும், ஆசிரியரைப் பற்றியதாக இராது. ஒருவர் முகமும் வாடக் காணவில்லை. எங்கள் பாடசாலையில் இப்படிப் பேசினால் அடுத்த நாள் அதிபரின் அறையில் விசாரணை நடக்கும் என்று நண்பர் ஒருவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஒசாகாவில் தங்கியிருந்த நாட்களில் என் பழைய மாணவன் ஒருவன் தேடி வந்தான். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போன பல்லாயிரம் இளைஞர்களில் அவனும் ஒருவன். யப்பானிய மொழிப் பாடசாலையொன்றில் படித்துக்கொண்டே, இரவில் சாப்பாட்டுப் பெட்டிகள் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். மாணவர் விசாவில் வாரத்துக்கு 28 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம் என்பது அங்குள்ள சட்டம்.

"சேர், இண்டைக்கு ராச் சாப்பாடு எண்ட கணக்கு" என்றான். மறுத்தும் கேட்கவில்லை.

அவன் அழைத்துப்போனது ஹலால் 'ஷாபு ஷாபு' உணவகம். மேசை நடுவில் அடுப்பு, அடுப்பில் சட்டி, சட்டியில் கொதிக்கும் நீர். தாள்போல் மெல்லிதாகச் சீவிய மாட்டிறைச்சியைக் குச்சிகளால் பிடித்து அந்த நீரில் சில வினாடிகள் அலசியெடுத்து, துவையலில் தொட்டு உண்பது. அலசும்போது எழும் ஓசையிலிருந்துதான் அந்தப் பெயர் வந்ததாம். 1952இல் ஒசாகாவிலிருந்த ஓர் உணவகமே அப்பெயரை இட்டது என்கிறார்கள். மாட்டிறைச்சியை விருந்தாகக் கருதும் வழக்கமே அவர்களிடம் அவ்வளவு பழையதல்ல. 675இல் தெம்மு பேரரசர் மாடு முதலிய சில பிராணிகளின் இறைச்சியை உண்பதற்குத் தடை விதித்தார். 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டதாக வெளிவந்த செய்தியோடுதான் அது நாகரிகத்தின் அடையாளமாகப் பரவத் தொடங்கியது. ஒரே பானைச் சோற்றை உண்டவர்கள் என்று நெருங்கியவர்களைக் குறிக்கும் வழக்கும் அவர்களிடம் உண்டு. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்துண்ணும் நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. சட்டிக்கு இருபுறமும் நாங்கள் அமர்ந்தபோது, ஊரில் ஒரு கலியாண வீட்டில் இருப்பது போன்ற நிறைவு எனக்கு ஏற்பட்டது.

சாப்பாடு வந்தது. சட்டி நீரில் ஒரு கறுத்த கடற்பாசித் துண்டு கிடந்தது. நாம் நோன்பு காலத்தில் காய்ச்சும் பாசியல்ல, 'கொம்பு' என்னும் தடித்த வேறோர் இனம். தட்டில் சீனக் கோவா, காளான், வெங்காயத்தாள், தோஃபு. இறைச்சித் தட்டைப் பார்த்ததும் என் கணக்குப் புத்தி விழித்துக்கொண்டது. பட்டியலில் இருந்த படத்தில் ஓர் ஆளுக்குப் பன்னிரண்டு துண்டுகள் பூவிதழ்போல் விரிந்திருந்தன. எங்களுக்கு வந்ததோ ஆளுக்கு ஏழு. மேலே இரண்டு துண்டுகள் செக்கச் சிவந்திருந்தன. அடியிலிருந்தவை மங்கிய நிறமாய், ஐஸ் விலகாமல், குச்சியால் எடுத்தபோது கிழிந்து வந்தன. நீரில் அலசி வாயிலிட்டால் உப்பில்லை, உறைப்பில்லை. கடைசியில் அந்த நீரில் நூடில்ஸ் இட்டு உண்பதுதான் அதன் சிறப்பு என்றார்கள். அதற்குத் தனிக் காசு என்றதும் நான் வயிறு நிறைந்துவிட்டதாகச் சொல்லிவிட்டேன்.

"எப்பிடி இரிக்கி சேர்?"

"நல்லா இரிக்கி மகன். சோக்கா இரிக்கி."

வெளியேறும்போது அவன் பணம் செலுத்தியதைப் பார்க்காததுபோல் பார்த்தேன். ஆளுக்கு 9,000 யென், அதன்மேல் 10 சதவீத வரி. ஆக 19,800 யென். நம் காசில் ஏறத்தாழ 38,000 ரூபா. அப்போது ஒசாகாவில் சட்டபூர்வமான ஆகக்குறைந்த கூலி மணிக்கு 1,114 யென். அவனுக்குக் கிடைப்பதும் அதுவே என்று முன்னரே சொல்லியிருந்தான். பதினேழே முக்கால் மணித்தியால உழைப்பு. அவனுடைய ஒரு வாரக் கூலியில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல். இரவு முழுக்க நின்றுகொண்டு சாப்பாட்டுப் பெட்டி அடைத்த ஒரு பிள்ளையின் கால்வலியை நான் பதினான்கு துண்டு இறைச்சியில் பாதியாக உண்டுவிட்டு வந்திருந்தேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. உணவைக் குறை சொல்லவில்லை என்ற ஆறுதல்கூட வரவில்லை. எழுந்திருந்து, பாட ஆய்வில் செய்வதுபோல், நடந்ததைப் பகுத்துப் பார்த்தேன்.

முதலில் என் நாவின் பங்கு. உறைப்பும் புளிப்பும் தேங்காய்ப் பாலும் பழகிய நாவுக்கு அந்த நீர் வெறும் நீராகத் தெரிந்தது. ஆனால் அதே கொம்புப் பாசியிலிருந்துதான் 1908இல் இகெடா கிகுனே என்னும் விஞ்ஞானி 'உமாமி' என்னும் தனிச்சுவையின் காரணியைப் பிரித்தெடுத்தார். அங்கே சுவை இல்லாமலில்லை, அதைக் கேட்கும் காது என் நாவுக்கு இல்லை. இதில் கடைக்காரர்மீது குற்றமில்லை.

அடுத்து நிறம். அடியிலிருந்த துண்டுகள் மங்கியிருந்ததைக் கண்டு பழைய இறைச்சி என்றே முடிவுகட்டியிருந்தேன். ஒன்றன்மேலொன்றாய் அடுக்கிய இறைச்சியில் காற்றுப் படாத பகுதி சிவப்பிழப்பது இயல்பு, அதனால் மட்டும் அது பழுதாகாது என்று எங்கள் குழுவிலிருந்த விஞ்ஞான ஆசிரியர் மறுநாள் சொன்னார். நான் அங்கேயே சத்தமிட்டிருந்தால் அறியாமையால் ஒருவரைப் பழித்தவனாகியிருப்பேன்.

மூன்றாவது விலை. யப்பானில் ஹலால் முறையில் மாடறுக்கும் கூடங்கள் மிகச் சிலவே. ஆகவே அந்த இறைச்சிக்கு விலை கூடுவது இயற்கை. விலை உயர்ந்தபோது மக்கள் வேண்டியும் நபியவர்கள் விலையை நிர்ணயிக்க மறுத்தார்கள் என்பதையும் நாம் அறிவோம். விலை வாசலிலேயே எழுதப்பட்டிருந்தது. நாங்கள் வாசித்துவிட்டுத்தான் உள்ளே போனோம். விலை அதிகம் என்பது மனவருத்தம். அநீதி என்று அதைச் சொல்ல இயலாது.

எஞ்சியது ஒன்றுதான். படத்தில் பன்னிரண்டு, தட்டில் ஏழு. முகப்பில் சிவப்பு, அடியில் ஐஸ். இங்கேதான் இன்னொரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. சந்தையில் தானியக் குவியலொன்றைக் கடந்த நபியவர்கள் அதனுள் கையை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஈரம். மழை பட்டது என்றார் வியாபாரி. ஈரமானதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவரல்ல என்றார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் உள்ள செய்தி. உணவைக் குறை சொல்லாத அதே நாவுதான் வியாபாரியிடம் இப்படிக் கேட்டது. தானியத்தை அவர்கள் பழிக்கவில்லை, மறைத்து வைத்த கையைக் கேட்டார்கள். உணவு இறைவனின் கொடை. அதை அடுக்கிய விதம் மனிதனின் செயல். முன்னதில் மௌனம் பண்பாடு, பின்னதில் மௌனம் பண்பாடல்ல. இவ்விரண்டையும் நான் நாற்பது வருடங்களாக ஒரே பாடமாகப் படித்திருந்தேன்.

அப்படியானால் ஏன் கேட்கவில்லை? கேட்டால் என் மாணவன் தலைகுனிவான் என்று அஞ்சினேன். அவன் கொடுத்த விருந்தை அவன் கண்முன்னே எண்ணிக் காட்டுவதா? ஆனால் அவனுடைய காசைத்தான் அந்த அச்சம் கடைக்காரருக்கு விட்டுக்கொடுத்தது.

இதைவிடக் கனமான ஒன்றும் இருக்கிறது. அன்றிரவு ரயில் நிலையத்தில் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "எனக்கும் இது மொதல் தரம்தான் சேர். கூட்டாளிமாரு மலிஞ்ச கடையொண்டு காட்டின. ஒங்களக் கூட்டிப்போறத்துக்கு அது காணாதுண்டு நெனச்ச நான்." விலையைப் பார்த்துத்தான் அவன் அந்தக் கடையைத் தெரிந்திருக்கிறான். என் மீதிருந்த மரியாதையை அளக்க அவனுக்குக் கிடைத்த அளவுகோல் அந்த 9,000 என்னும் எண்தான்.

இந்த அளவுகோலை அவனுக்கு யார் கொடுத்தது? யப்பான் கொடுக்கவில்லை. நம் ஊரிலேயே அவன் அதைக் கற்றுவிட்டுத்தான் விமானம் ஏறினான். கலியாண வீட்டில் சஹனுக்கு எத்தனை கோழி என்று எண்ணிப் பேசும் நாம், கடன்பட்டுப் போட்ட சாப்பாட்டைப் பெருமையாகவும் கஞ்சியோடு நடந்த கலியாணத்தைக் குறையாகவும் பேசும் நாம்தான் கொடுத்தோம். உணவைக் குறை சொல்லாத நம் நாவு விருந்தளிப்பவரின் வசதியைக் குறை சொல்லத் தயங்குவதில்லை. அந்தப் பேச்சுக்கு அஞ்சித்தான் ஒரு பிள்ளை பதினெட்டு மணித்தியாலத்தைச் சட்டியில் போடுகிறான். கடைக்காரர் விற்றதில் பாதிதான் இறைச்சி. மீதி நம்முடைய அச்சம்.

இனி என் பொய். பொய் சொல்லாதே என்று வருடந்தோறும் கரும்பலகையில் எழுதும் நான், இரண்டு தரம் பொய் சொன்னேன். நல்லா இரிக்கி என்பது ஒன்று, வயிறு நிறைந்தது என்பது மற்றது. நல்லெண்ணத்தில் சொன்னது என்று தப்பிக்கலாம். ஆயினும் மார்க்கம் விதிவிலக்களித்த இடங்களில் விருந்து மேசை இருப்பதாக நான் படித்ததில்லை. உண்மையைச் சொல்லவும் எனக்கு வழி இருந்தது. "ஒன்னோட இருந்து திண்டது எனக்குச் சந்தோஷம் மகன்" என்று சொல்லியிருக்கலாம். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. அவன் கேட்க விரும்பியதும் அதுவாகத்தான் இருந்திருக்கும். பகலில் ஓர் ஆசிரியரின் பாடத்தை அவரை நோகாமல் குறைகாண்பது எப்படி என்று குறிப்பேட்டில் எழுதியவன், அன்றிரவே ஒரு மேசையில் அதைச் செய்யத் தெரியாமல் போனேன்.

ஊருக்கு வந்தபின் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. 2025 நோன்புப் பெருநாளன்று அவன் தொலைபேசியில் ஸலாம் சொன்னபோது மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன். அன்று நான் சொன்னது உண்மையல்ல, சாப்பாடு எனக்குப் பிடிக்கவில்லை, படத்தில் பன்னிரண்டு இருந்தது, தட்டில் ஏழுதான் வந்தது, உன் காசுக்காக நான் கேட்டிருக்க வேண்டும், மன்னித்துக்கொள் என்றேன்.

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு சிரிப்புக் கேட்டது.

"நானும் எண்ணின நான் சேர். ஏழுதான். கணக்கு நீங்கதானே படிப்பிச்ச."

நானும் சிரித்தேன். ஆனால் தொலைபேசியை வைத்தபின் யோசித்துப் பார்த்தால், எண்ணுவதற்கு மட்டும்தான் அவனுக்கு நான் படிப்பித்திருக்கிறேன். எண்ணியதை மரியாதையோடு எடுத்துச் சொல்ல அவனுக்கும் படிப்பிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.