நால்வகைத் தானமும் நலக் கல்வியும்

அறம் செய்ய விழையும் இல்லறத்தார்க்கு நம் ஆன்றோர் வகுத்துத் தந்த தானங்கள் நான்கு. உணவு அளித்தல், மருந்து அளித்தல், நூலறிவு அளித்தல், அஞ்சாமை அளித்தல் என்பன அவை. ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம் என நம் சிறார் இவற்றை இளமையிலேயே ஒப்புவிப்பர். ஒப்புவித்தல் எளிது. நம் கண்முன் நிகழும் செயலொன்றை எடுத்துக்கொண்டு, இஃது எத்தானத்தின்பாற்படும், யாருக்குச் செய்யலாம், எவ்வாறு செய்யலாம் என ஆராயும்போதுதான் அச்சொற்களின் ஆழம் புலனாகிறது.

அவ்வாறு ஆராயத்தக்க ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். இராயபுரம் தொடங்கித் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடற்கரையில், துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் இடையே மீனவர் குப்பங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கின்றன. அங்கு வாழும் பெண்களுக்கு உடல்நலக் கல்வி அளிக்கும் பணிக்கு நம் சமூகப் பொதுநிதியிலிருந்து நல்கை வழங்குவது முறையா? முறை எனில், எவ்வகையில் வழங்கினால் அது அறமாகும்?

எத்தானத்தின்பாற்படும்?

மருந்துப் புட்டியைக் கையில் கொடுத்தால் அஃது ஔடத தானம் என்பதில் ஐயமில்லை. நோய் முற்றுமுன் அதன் குறிகளைக் கூறி, எங்குச் செல்ல வேண்டும் என வழிகாட்டுவது எதனுள் அடங்கும்? நம் சமயம் மருந்தையும் அறிவையும் தொடர்பற்ற இரண்டாக நிறுத்தியதில்லை. சமணச் சான்றோர் இயற்றிய கீழ்க்கணக்கு நூல்களுள் கணிமேதாவியாரின் ஏலாதியும் காரியாசானின் சிறுபஞ்சமூலமும் மருந்தின் பெயரையே தமக்குப் பெயராகத் தாங்கியுள்ளன. ஏலம் முதலிய ஆறு பொருள்களும், ஐவகை வேர்களும் உடற்பிணி தீர்ப்பன போல, அந்நூல்கள் கூறும் கருத்துகள் உள்ளப்பிணி தீர்க்கும் என்பது கருத்து. சொல்லும் மருந்தாகும் என நம் முன்னோர் கொண்டமைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

கருநாடகத்தில் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்திமப்பையார், பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் ஏட்டுப்படிகளாக எழுதுவித்து வழங்கினார் என்பர். தான சிந்தாமணி என அவரைப் போற்றுவது இதனாலும் ஆகும். அறிவு ஓரிடத்தில் இருந்தால் போதாது, அது வேண்டியவர் கையைச் சென்றடைய வேண்டும் என்பதே அப்பெருமாட்டியின் செயல் நமக்குக் கூறுவது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. மாதவிடாய் நின்ற பின்னர்க் குருதி காணும் பெண், மார்பில் கட்டியை உணரும் பெண், அதனை வெளியே சொல்லாமல் மறைக்கிறாள். வறுமை மட்டுமன்று, அச்சமும் அவள் வாயைக் கட்டுகிறது. என்ன நேர்கிறது என அறிந்த அன்றே அவ்வச்சத்தின் பாதி அகல்கிறது. ஆகவே நலக் கல்வி என்பது மருந்து, நூல், அஞ்சாமை ஆகிய மூன்று தானங்களும் ஒருங்கே கூடுமிடம் எனலாம்.

பாத்திரம் யார்?

இங்கு நம்மவர் சிலர் எழுப்பக்கூடிய தடை ஒன்றுண்டு. அதனை எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது. தானம் தக்க பாத்திரத்துக்கே அளிக்கப்பட வேண்டும் என்பது ஆகமம். மீன்பிடித்தலும் மீன் விற்றலும் உயிர்க்கொலையைச் சார்ந்த தொழில்கள். அத்தொழில் செய்யும் குடும்பங்களுக்கு நம் நிதி செல்லுமாயின், கொல்லாமையே பேரறம் எனப் போற்றும் நாம் நம் கொள்கைக்கே மாறுபட்டவர் ஆகோமா?

நம் நூல்கள் பாத்திர தானத்தையும் கருணா தானத்தையும் பிரித்தே கூறுகின்றன. துறவியர்க்கும் விரதியர்க்கும் பத்தியோடு அளிப்பது முன்னது. துன்புறும் உயிர்க்கு இரக்கத்தோடு அளிப்பது பின்னது. முன்னதில் பெறுபவர் தகுதி ஆராயப்படும். பின்னதில் துன்பம் ஒன்றே தகுதி. கருணா தானம் தொழிலுக்கு அளிக்கப்படுவதன்று. நோவுறும் உயிருக்கு அளிக்கப்படுவது.

மிருகசேனன் என்னும் மீனவனின் கதையை நம் கதைநூல்கள் கூறும். அவன் முனிவரை வணங்கி விரதம் வேண்டியபோது, வலையில் முதலில் அகப்படும் மீனை விட்டுவிடுக என்ற சிறு விரதத்தையே முனிவர் அவனுக்கு அளித்தார். அன்று விட்ட மீனே மீண்டும் மீண்டும் வலையில் வர, ஐந்து முறையும் அதனை விடுத்து வெறுங்கையோடு வீடு திரும்பினான். மனைவி கதவடைத்தாள், வெளியே கிடந்தவன் பாம்பு தீண்டி இறந்தான், அவ்விரதத்தின் பயன் மறுபிறவியில் அவனைக் காத்தது என்பது கதை. முதலில் உன் தொழிலைக் கைவிடு, பின்னர் என்னிடம் வா என அம்முனிவர் கூறவில்லை. அவன் நின்ற இடத்திற்கே அவர் அருள் இறங்கிச் சென்றது. முனிவர் வைக்காத தடையை இல்லறத்தாராகிய நாம் வைப்பது எங்ஙனம்?

இதன் மறுபுறமும் நோக்கத்தக்கது. நம் நல்கையைப் பெறுவோர் புலால் விட வேண்டும் என மறைமுகமாகவேனும் விதிப்போமானால், அது தானமாகாது, வாணிகமாகும். நம் கொள்கையை யாரேனும் வினவினால் உவப்புடன் விளக்கலாம். குருதிச்சோகை பற்றி அறிய வந்த தாயிடம் கேளாத அறிவுரையைக் கூறுதல் தகாது. இரும்புச்சத்து மாத்திரையையும் முருங்கைக் கீரையையும் பயறு வகைகளையும் பற்றிக் கூறினால் அன்றைக்கு அதுவே அறம்.

பெண்கல்விக்கு ஊரார் கூடிப் பொருள் அளிப்பது நமக்குப் புதிய வழக்கமும் அன்று. வந்தவாசி வட்டாரத்து வேடல் கல்வெட்டைப் பலர் அறிந்திருப்பீர்கள். ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில், கனகவீரக் குரத்தியார் என்னும் ஆசிரியையும் அவர்தம் மாணாக்கியர் 500 பேரும் இடர்ப்பட்டபோது, அவர்களைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றுக்கொண்டனர் என அது கூறுகிறது. அவர்கள் நம் சமயத்துப் பெண்கள். ஈண்டு நாம் பேசுவது பிறரைப் பற்றி. இவ்வேறுபாட்டை மறைக்க வேண்டுவதில்லை. எனினும், கற்பிக்கும் பெண்ணுக்குச் சோறிடுவது ஊரின் கடன் என்னும் எண்ணம் நம் மண்ணில் ஓராயிரம் ஆண்டுப் பழமையுடையது.

மருத்துவமனை இருக்கக் கல்வி எதற்கு?

அடுத்த வினா இது. வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை உண்டு. வள்ளல் இராமசாமி முதலியார் பெயர் தாங்கிய மகப்பேறு மருத்துவமனை இராயபுரத்தில் உண்டு. மாநகராட்சியின் நலவாழ்வு நிலையங்கள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழி குருதி அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாயிலிலேயே மாத்திரை தரப்படுகிறது. இவற்றுக்கு மேல் நம் சிறுதொகை என்ன செய்துவிடும்?

இதற்கு விடையாகத் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பேராய்வு ஒன்றைக் காட்டலாம். கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்னறிய, அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையைச் செவிலியர் வாயிலாக 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குச் செய்தனர். முடிவு 2007இல் வெளிவந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், பிற ஊர்களை நோக்க, அந்நோய் நூற்றுக்கு 25 பங்கும், அதனால் நேரும் இறப்பு நூற்றுக்கு 35 பங்கும் குறைந்தன. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் இவ்வளவு உயிர்கள் காக்கப்பட்டன.

அதே ஆய்வின் மற்றொரு எண்ணையும் நோக்குக. அழைக்கப்பட்ட பெண்கள் 49,311 பேர். வந்தோர் 31,343 பேர். மூவரில் ஒருவருக்கு மேல் வரவில்லை. வலியில்லாதபோது மருத்துவம் எதற்கு என்னும் எண்ணம், அன்றைய கூலி போகுமே என்னும் கவலை, அயலார் என்ன நினைப்பரோ என்னும் நாணம் ஆகியவை நம் பெண்களின் கால்களைத் தடுப்பன என்பதை யாரும் அறிவர். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 30 முதல் 49 வயதுப் பெண்களுள் இச்சோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவே. 15 முதல் 49 வயதுப் பெண்களுள் குருதிச்சோகை உடையவரோ நூற்றுக்கு 53 பேர். மருத்துவமனையின் வாயில் திறந்தே இருக்கிறது. வீட்டு வாயிலுக்கும் அதற்கும் இடைப்பட்ட தொலைவே கடக்கப்படாமல் கிடக்கிறது. அத்தொலைவைக் குறைப்பதே கல்வி. கட்டடம் எழுப்ப நம் நிதி போதாது, இதற்குப் போதும்.

காற்றும் நீரும் கெட்டவிடத்து

இனி எல்லாவற்றினும் கடுமையான தடை. 2023 டிசம்பரில் பெருமழை வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. அத்திங்கள் 26ஆம் நாள் நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கழிமுக நீரில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் பெண்ணிடம் தூய்மையாக இரு எனப் பாடம் நடத்துவது நகைப்புக்குரியதன்றோ? நோய்க்குக் காரணமானோரை விடுத்து, நோயுற்றவளுக்கே அறிவுரை கூறுவது நீதியாகுமா?

இவ்வினாவில் நியாயம் உண்டு. உன் நோய்க்கு நீயே காரணம் என்னும் தொனியில் அமையும் கல்வி, அறிவன்று. சுமையின்மேல் ஏற்றிய சுமை. கழிப்பிடம் இல்லாத சந்தையில் காலை முதல் மாலை வரை மீன் விற்பவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறாள். அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது. நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று மட்டும் கூறிச் செல்பவர் பாதி உண்மையையே கூறுகிறார். கழிப்பிடம் கேட்பது உங்கள் உரிமை, அதற்கு யாரிடம் எவ்வாறு எழுத வேண்டும் என்பதையும் சேர்த்துக் கூறினால்தான் அது முழு உண்மையாகும். ஒரு பக்கத்தை மட்டும் கண்டு முடிவு கட்டாதே என்பதே அநேகாந்தம் நமக்குக் கற்பிப்பது.

அதற்காகக் கேடு நீங்கும்வரை கல்வி வேண்டாம் எனலும் பொருந்தாது. அம்மோனியா நீரில் எளிதில் கரைவது. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லல் வேண்டும் என்பது அறிந்த தாய், நள்ளிரவிலும் தன் குழந்தையைக் காக்க முடியும். ஆலையைத் திருத்துவது அரசின் கடமை, நீதிமன்றத்தின் கடமை. அதுவரை அத்தாயை அறியாமையில் விட்டுவைக்க நமக்கு உரிமையில்லை.

கொடுக்கும் முறை

எவ்வாறு கொடுப்பது என்பதிலேயே தானத்தின் பெருமையும் சிறுமையும் அமைகின்றன. முதலாவது, கற்பிப்பவர் அக்குடியிருப்புப் பெண்ணாகவே இருத்தல் நன்று. 1978இல் ஜெயா அருணாசலம் சென்னையில் தொடங்கிய ‘வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்’ சிறு வணிகம் செய்யும் ஏழைப் பெண்களுக்குக் கடன் வழங்கத் தொடங்கிப் பின்னர் நலப்பணியிலும் இறங்கியது. அப்பணிக்கு அது குடிசைப் பகுதிப் பெண்களையே பயிற்றியது. அயலாள் நாவில் நாணத்தை விளைக்கும் சொல், அண்டை வீட்டு அக்காள் நாவில் இயல்பாக ஒலிக்கும். அவளுக்கு மதிப்பூதியம் தருவதே நம் நல்கையின் முதற்செலவாக அமைதல் வேண்டும்.

இரண்டாவது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் முதல் நாளில் கற்பிக்கப்படும் விதி. மீனின் செவுளைக் கண்டே அதன் நலிவை அறியும் பெண்ணுக்குத் தன் குழந்தையின் வெளிறிய இமையைக் காட்டிச் சோகையை விளக்குவது கடினமன்று. வகுப்பு நேரமும் அவர்களுடையதாக இருத்தல் வேண்டும். விடியுமுன் காசிமேட்டு ஏலத்திற்குச் சென்று திரும்புபவளை முற்பகலில் அழைத்தால் வர இயலாது.

மூன்றாவது, சோதனைக்கு அழைத்துவிட்டுச் சிகிச்சைக்கு வழி காட்டாதிருத்தல் கொடுமை. நோய்க்குறி தென்பட்டவளோடு மருத்துவமனை வரை உடன்செல்ல ஒருவர் வேண்டும். அதற்கும் பொருள் ஒதுக்க வேண்டும். ஆகவே ஒருநாள் முகாமுக்குப் பெருந்தொகை தருவதினும், மூன்றாண்டுக்குச் சிறுதொகை தருவது சிறப்பு.

நான்காவது, பெறுவோர் மானம் காத்தல். வரிசையில் நிற்கும் பெண்களைப் படமெடுத்து ஆண்டு மலரில் இடுவதும், வழங்கும் பையில் கொடையாளர் பெயரைப் பொறிப்பதும் தானத்தின் பயனைத் தேய்க்கும். அபய தானம் பெற்றவள் நம் பெயரைக் கண்டு கூனிக் குறுக நேருமாயின், அபயம் எங்கே?

பொதுநிதி குறுகியது, திருக்கோயில் திருப்பணிகளும் நம் பிள்ளைகளின் கல்வி உதவியும் காத்திருக்கின்றன என்பதும் உண்மையே. அவற்றைக் குறைக்குமாறு வேண்டவில்லை. பரிக்கிரக பரிமாணம் என உடைமைக்கு வரம்பு கட்டும் அணுவிரதம் இல்லறத்தார்க்கு உண்டு. ஒவ்வோர் இல்லமும் ஆண்டுக்கு ஒரு வாங்குதலைத் தவிர்த்து அத்தொகையைத் தனியே வைக்குமானால், பொதுநிதியைத் தொடாமலே இப்பணி நடைபெறும். அத்துடன், இக்கல்வி பிறர்க்கு மட்டும் வேண்டுவது என எண்ணற்க. நம் இல்லங்களிலும் கருப்பை, மார்பு என்னும் சொற்கள் தாழ்ந்த குரலிலேயே பேசப்படுகின்றன. நம் தாய்மாருள்ளும் சோதனைக்குச் செல்லாதார் பலர். குப்பத்துப் பெண்ணுக்கென அச்சிடும் கையேட்டை நம் வீட்டுப் பெண்டிரும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும். அதன்பின் சங்கக் கூட்டத்தில் நல்கை பற்றிய தீர்மானத்தை முன்மொழிபவர் அவர்களுள் ஒருவராக இருக்கட்டும்.