நிழற்படம் காட்டுவதும் காட்டாததும்

தன்னை அறிதலும் பிறரை அறிதலும் மக்கட்பிறப்பின் பெருங்கடமைகளாம். இவ்விரண்டற்கும் நிழற்படம் துணையாகுமோ, தடையாகுமோ என்பது ஆராயத்தக்கதொரு வினா. என்னை? கைப்பேசிதோறும் படக்கருவி அமைந்துள்ள இக்காலத்தில், ஒருவரை நேரிற் காணுமுன் அவர்தம் படத்தைக் காண்கின்றோம். கண்டவளவிலே இன்னார் இத்தன்மையர் எனத் துணிந்தும் விடுகின்றோம்.

ஓவியன் தன் விருப்பு வெறுப்புக்களைக் கலந்து எழுதுவான். படக்கருவிக்கோ அவ்விரண்டும் இல. ஆதலின் அது காட்டுவது முழுதும் உண்மையே என்பர் ஒருசாரார். இக்கூற்றை ஒரு படத்தின்கண் வைத்து ஆராய்வாம்.

பிரான்சு நாட்டினரான டாகர் என்பவர் 1838-ஆம் ஆண்டிற் பாரிசு நகரத் தெருவொன்றை வெள்ளி முலாமிட்ட செப்புத் தகட்டிற் படமாக்கினார். மக்களும் வண்டிகளும் இயங்கிய தெரு அது. படத்திலோ வெறுந்தெருவாகத் தோன்றுகின்றது. ஒளி தகட்டிற் பதிதற்குச் சில நிமிடங்கள் வேண்டியிருந்தமையின், இயங்கியோர் பதிந்திலர். தம் காலணியைத் துடைப்பித்துக்கொண்டு ஓரிடத்தே நின்ற ஒருவரே தெளிவுறப் பதிந்தார். மனிதவுருத் தோன்றும் நிழற்படங்களுள் இதுவே மிகப் பழையதெனக் கருதப்படுகின்றது. கருவி பொய் கூறிற்றோ எனின், இல்லை. நின்றதைக் காட்டிற்று, நில்லாததைக் காட்டிற்றிலது. அத்தெருவில் வேறு மக்கள் இலர் என ஒருவன் துணிவானாயின், பிழை அவனதேயாம்.

இடமும் காலமும் பற்றி 'இஃது' என ஒன்றைக் குறித்தறிதலைச் சுட்டறிவு என்பர் சித்தாந்த நூலோர். நிழற்படம் தருவது அவ்வறிவே. அதனைப் பொருளின் முழுவியல்பாகக் கொள்ளுதலே குற்றம்.

1936-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், நிப்போமோ என்னும் ஊரருகே பட்டாணி பறிக்கும் கூலியாட்கள் தங்கிய முகாமில், டாரத்தியா லாங்கு என்னும் அம்மையார் ஒரு தாயைப் படம் பிடித்தார். மடியிற் குழவியும், தோள்களிற் சாய்ந்து முகம் மறைத்த சிறார் இருவருமாக அத்தாய் அதன்கண் காணப்படுகின்றார். படம் பிடித்தவர் அவர் பெயரை வினவிற்றிலர். அவர் புளோரன்சு ஓவன்சு தாம்சன் என்பது 1978-ஆம் ஆண்டிலேதான் உலகறிய வெளிப்பட்டது. நாற்பதாண்டிற்கு மேலாக அவர் முகத்தை அறிந்திருந்த உலகம் அவரை அறிந்திலது. அப்படத்தால் தமக்கொரு பயனும் கிட்டிற்றிலது என அவர் வருந்தினார்.

அற்றேல், நிழற்படத்தாற் பயனே இன்றோ எனின், அற்றன்று. அங்கெடுத்த படங்கள் செய்தித்தாளில் வெளிவந்ததும் அம்முகாமிற்கு உணவு அனுப்பப்பட்டது. காணாதார் துயரைக் காட்டி இரக்கத்தை எழுப்பும் ஆற்றல் படத்திற்கு உண்டு. ஆயினும், உணவு வந்துசேருமுன் அத்தாயும் மக்களும் அவ்விடம் விட்டு நீங்கியிருந்தனர். படம் எழுப்பிய இரக்கம் படத்திலிருந்தாரைச் சென்றடைந்திலது.

இனித் தன்னை அறிதலை நோக்குவாம். தம் படத்தைக் கண்ட பலர், 'இஃது என்னைப் போன்றில்லை' என்பர். கண்ணாடியில் நாடோறும் நாம் காண்பது இடவலம் மாறிய முகம். படம் காட்டுவதோ பிறர் காணும் முகம். அம்மறுப்பிற்கு இஃதொரு காரணம். பிறிதொன்றும் உண்டு. நம் எண்ணங்களையும் துயரங்களையும் முயற்சிகளையும் உள்நின்று அறிகின்றோம் ஆதலின், ஒருகணத்து முகத்தில் அவை அடங்கா என்பதை ஐயமின்றி உணர்கின்றோம்.

அங்ஙனமாயின், பிறர் படத்தைக் கண்டுழி மட்டும் 'இவர் இத்துணையரே' எனத் துணிதல் எவ்வாற்றான் முறையாகும்? நம் படத்தின்முன் நமக்காக நாம் எடுத்துரைக்கும் வழக்கைப் பிறர் படத்தின்முன் அவர்க்காகவும் எடுத்துரைத்தலே நடுவுநிலைமையாம். ஆகவே, அன்பர்காள், ஒருவரது படத்தைக் கண்டவுடன் தீர்ப்புக் கூறாது, அவர் பெயர் யாது, ஊர் யாது, உற்றது யாது என வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு நம்மைத் தூண்டுங்கால் நிழற்படம் அறிவிற்குத் துணையாம், தடுக்குங்கால் தடையாம்.