தகவலாளி 3

மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பெண் நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது காலை ஏழு ஆகிவிடும். ஒரகடத்திலிருந்து சேரப்பணஞ்சேரி வரைக்கும் காதில் பாட்டுதான். ஒருநாள் செல்போனை நீட்டி, "இதக் கேளுக்கா" என்றாள். அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பம். கேட்டு முடித்ததும் அவள் விசாரித்தது பாட்டைப் பற்றி இல்லை. "உங்க ஆயா பேரு என்னக்கா?"

சொன்னேன். சொல்வதற்கு முன் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது.

வள்ளியம்மா, அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியா வந்தவர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் அந்தத் தோட்டத்து மக்களை எண்ணிக்கையாகவே பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டுக்குள் அந்தப் பாட்டியின் வாழ்க்கை இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் உடன் பாடிய தீ இருந்தார். வரிகளை எழுதிப் பாடிய அறிவு இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி கேட்டார்கள். பிறகு அறிவின் படத்தோடும் ஓர் அட்டை வந்தது.

சாதி ஒருவரை எப்படி அட்டையிலிருந்து அழிக்கிறது என்று அப்போது நிறையப் பேசினோம். பேசவேண்டியதுதான். பாட்டியின் பெயர் எங்கே என்று நாம் கேட்கவில்லை. பிறகு அவரே அதை ஆல்பத்தின் தலைப்பாக்கினார். அப்பன் பெயரின் முதலெழுத்தைச் சுமந்து திரியும் நாட்டில், ஓர் ஆண் தன்னைப் பாட்டியை வைத்து அடையாளம் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் ஒரு நெருடல். தலைப்பாக இருப்பதும் பாடியவளாக இருப்பதும் ஒன்றா? தாயைத் தெய்வமாக்கிக் கோயிலில் உட்கார வைத்துவிட்டு, பட்டாவை மகன் பெயரில் எழுதும் பழக்கம் நமக்குப் புதிதில்லையே.

இதை அவரிடம் கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்பது வேறு விஷயம். எம்.ஏ. படிக்கும்போது நடவுப் பாட்டு பற்றி ஆய்வேடு எழுதினேன். பாதிப் பாட்டு என் ஆயா பாடியவை. சேற்றில் நின்று பாடியதைத் திண்ணையில் உட்கார வைத்துத் திரும்பத் திரும்பப் பாடச் சொன்னேன். மூச்சு வாங்கியது அவளுக்கு. பின்னிணைப்பில் அவள், 'தகவலாளி 3, பெண், வயது 70'. அட்டையில் என் பெயர், என் முதலெழுத்து. அந்தப் பட்டம்தான் எனக்கு வேலை வாங்கித் தந்தது. எழுத்தறிந்த பேத்தி எழுதத் தெரியாத கிழவியிடமிருந்து எடுத்தால் அதற்குத் திருட்டு என்று பெயரில்லை, களப்பணி என்று பெயர்.

இதை அவளிடம் சொன்னபோது அவள் அவ்வளவாக அசரவில்லை. "நான் ஒரு நாளைக்கு எத்தன போனுக்கு ஸ்க்ரூ போடறேன் தெரியுமா? டப்பா மேல கம்பெனி பேருதான் இருக்கு. என் பேரு யாருக்கு வேணும்? சம்பளத்த ஏத்தட்டும்." கொஞ்சம் பொறுத்து, "உங்க ஆயாவுக்கு நீங்க ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்றாள்.

ஒரு பொட்டலம் வெற்றிலை பாக்கு. அதையும் அவளே கேட்டு வாங்கினாள்.

ஆய்வேட்டின் ஒரு பிரதி வீட்டில் இருக்கிறது. அன்றிரவு 'தகவலாளி 3' என்பதற்குப் பக்கத்தில் பேனாவால் முனியம்மா என்று எழுதினேன். கல்லூரி நூலகத்தில் இருக்கும் பிரதியில் இன்னும் எழுதவில்லை.