வேட்டுவன் கூட்டுப் புழு

எசல பெரஹராவின் யானைகள் கண்டித் தெருக்களில் நடக்கும் நாட்களில், விகாரைகளில் பிக்குகள் மழைக்கால ஓரிட வாசத்தில் இருக்கிறார்கள். எசலப் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி மூன்று மாதம் அது நீளும். மழையிலும் ஊர் ஊராக நடந்து பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்கள் என்று மக்கள் குறைப்பட்டதால் புத்தர் இந்த விதியை வகுத்தார் என்கிறது விநய பிடகம்.

பெரஹரா நடக்கும் அதே நாட்களில், மழை விட்டு வெயில் விழும் காலைகளில், உடவத்தகெலே காட்டோரத்திலும் பேராதனைப் பூங்காவிலும் மேக்ரோ லென்ஸ் பூட்டிய கமராவோடு குனிந்திருப்பவர்களைக் காணலாம். பூச்சியை அதன் உண்மை அளவிலேயே பதிவுசெய்யும்போது தெளிவாக விழும் ஆழம் ஓரிரு மில்லிமீற்றர்தான். கண்ணைப் பிடித்தால் சிறகு மங்கும். மூச்சை அடக்கிக் காத்திருக்க வேண்டும்.

வண்ணத்துப்பூச்சிகள் சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகின்றன என்பது மலைநாட்டின் பழைய நம்பிக்கை. லென்ஸை நெருக்கினால், அவை ஈரச் சாணத்தின்மேல் அமர்ந்து உப்பை உறிஞ்சுவதும் தெரியும். அதனால் அந்த நம்பிக்கை குலைந்துவிடாது. நெருங்கிப் பார்ப்பது நம்பிக்கையைக் குலைக்குமா என்ற கேள்வி குளவியிடம் வரும்போதுதான் கனக்கிறது.

குரு சீடர் உறவுக்குச் சைவரும் வேதாந்திகளும் காட்டும் உவமை ஒன்று உண்டு. வேட்டுவன் என்னும் குளவி ஒரு புழுவைப் பிடித்து மண்கூட்டில் வைத்து, சுற்றிச் சுற்றி ரீங்கரிக்கிறது. அந்த ஒலியையே நினைந்து நினைந்து புழு குளவியாகிவிடுகிறது. கீடப் பிரமர நியாயம் என்பார்கள். பிரசங்கங்களில் இன்றும் கேட்கலாம். புழு உள்ளே போனதையும் குளவி வெளியே பறந்ததையும் கூர்ந்து பார்த்தவர்கள் சொன்ன கதை இது. நடுவில் நடந்தது மட்டும் மண்சுவருக்குள் மறைந்திருந்தது.

பெண் குளவி மண் அறையைக் கட்டி, கூரையிலிருந்து மெல்லிய இழையில் ஒரு முட்டையைத் தொங்கவிடுகிறது. பிறகு புழுக்களைத் தேடிப் பிடித்து, கொட்டி முடக்கி, அறையை நிரப்பி வாயை மண்ணால் அடைக்கிறது. கொன்றுவிட்டால் அழுகிவிடும், ஆகவே அவை உயிரோடு கிடக்க வேண்டும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு அவற்றைத் தின்றுதான் வளர்கிறது. பிரான்சில் ழான் ஆன்ரி ஃபாபர் 19ஆம் நூற்றாண்டில் இதையெல்லாம் பொறுமையோடு பார்த்து எழுதினார்.

அதே நூற்றாண்டில் டார்வினை உலுக்கியதும் குளவிதான். புழுவின் உயிருள்ள உடலை உள்ளிருந்தே தின்னும் இக்னியூமன் குளவிகளை, கருணையும் எல்லா வல்லமையும் உள்ள கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என 1860 மே 22ஆம் தேதி ஆசா கிரே என்ற தாவரவியலாளருக்கு அவர் எழுதினார்.

கண்டியின் இரண்டு பெரிய மரபுகளில் இந்தக் கேள்வி அதே வடிவில் எழாது. பௌத்தத்தில் படைப்புக் கடவுள் இல்லை. சைவ சித்தாந்தத்தில் உயிர்கள் படைக்கப்பட்டவையல்ல, அநாதி. வினைக்கேற்ற உடலை இறைவன் தருகிறான். எனவே இரண்டிலும் ‘எல்லாம் வினை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பலர் நகர்ந்தும் விடுகிறார்கள். தர்க்கத்துக்கு அந்த விடை போதும். ஆனால் முடங்கிக் கிடக்கும் புழுவைத் திரையில் பெரிதாகப் பார்த்த ஒருவருக்கு அது எப்படிப் போதும்?

மாணிக்கவாசகரின் சிவபுராணத்தில், உயிர் எடுத்த பிறவிகளின் வரிசையில் புழுவும் வருகிறது. கண்டியில் காலையில் கோயிலிலோ வீட்டிலோ அதை ஓதுகிறவர், தானும் ஒரு காலத்தில் அதுவாக இருந்ததாகவே சொல்கிறார். அப்படியானால் கூட்டுக்குள் கிடப்பது அவருக்கு அந்நியமான உயிரல்ல. அதைத் தின்னும் குஞ்சும் அந்நியமல்ல. உவமை தரும் ஆறுதலைவிட இந்த உறவு கடினமானது. ஆனாலும் சைவத்துக்கு நெருக்கமானது இதுவே. ஒன்றையே நினைப்பவர் அதுவாகிறார் என்ற போதனை நிற்கட்டும். புழு படும் பாட்டை மறைக்க அதைத் திரையாக்கக் கூடாது.

உடவத்தகெலே காட்டின் ஆசிரமத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து 1994இல் மறைந்தவர் ஞானபோனிக தேரர். 1901இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்; நாஜிகளின் காலத்தில் தம் தாயை இலங்கைக்கு வரவழைத்துக் காப்பாற்றியவர். கொடுமை என்னவென்று அவருக்குத் தெரியும். கண்முன் நிகழ்வதை விருப்பு வெறுப்பு எதையும் ஏற்றாமல் முதலில் உள்ளபடி கவனிக்க வேண்டும் என்பது தியானம் பற்றி அவர் எழுதியதன் மையம். நல்ல மேக்ரோ படம் அந்தக் கவனத்துக்குப் பக்கத்திலாவது போகிறது. வண்ணத்துப்பூச்சிக்குக் காட்டும் அதே பொறுமையைக் குளவிக்கும் அது காட்டுகிறது.

தலதா மாளிகைக்கு வருகிறவர்கள் வணங்கும் அரச மரத்துக்கும் ஒரு குளவி இருக்கிறது. ஓரிரு மில்லிமீற்றர் நீளமுள்ள பெண் குளவி, சிறகுகள் முறியக் காய்க்குள் நுழைந்து, மகரந்தம் சேர்த்து முட்டையிட்டு அங்கேயே மடிகிறது. அது நுழையாவிட்டால் அந்த மரத்துக்கு வித்து இல்லை. புழுவை முடக்கும் குளவியும் இதுவும் ஒரே பெருங்குலம்.

படம் எடுப்பவர் கையில் இருக்கும் முடிவுகள் சிறியவை. பூச்சி அசையாதிருக்க அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் படமெடுப்பவர்கள் உலகெங்கும் உண்டு, அதைத் தவிர்க்கலாம். மண்கூட்டை உடைக்காமல் விடலாம். புழுவை விடுவித்தால் குளவிக் குஞ்சு பட்டினியில் சாகும் என்பதால், அங்கே இரக்கத்துக்குச் செய்ய எதுவுமில்லை.

தேயிலைத் தோட்டங்களில் நிலைமை வேறு. கொழுந்து பறிக்கப் போனவர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட செய்தி மலையகத்தில் அடிக்கடி வருகிறது, உயிரிழப்பும் உண்டு. பல வேளைகளில் கொட்டுவது மரங்களிலும் பாறைகளிலும் கூடுகட்டும் பெருந்தேனீ. அந்தத் தொழிலாளர்களிடம் போய்ப் பூச்சிமீது கருணை காட்டும்படி சொல்ல, கமராவோடு வருகிறவருக்கு உரிமை கிடையாது. ஹந்தானைச் சரிவில் ஒரு கூட்டைக் கலைத்துவிட்டு அவர் ஊர் திரும்பலாம். கொட்டு வாங்குவது மறுநாள் மலையேறுகிறவர்கள். கூட்டைக் கண்டால், படம் எடுக்கும் முன்பே அது எந்த மரத்தில் இருக்கிறது என்று தோட்டத்துக் கங்காணியிடம் சொல்லிவிட வேண்டும்.