ஊன்றிய கால்

செய்யாறு பக்கம் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் ட்ரெடில் மெஷினும் ஈய எழுத்தும். என் காலத்தில் ஆஃப்செட், அதன் பிறகு ஃப்ளெக்ஸ். எது மாறினாலும் மாறாத வேலை ஒன்று உண்டு: பாரத நோட்டீஸ். எங்கள் வட்டாரத்தில் பங்குனியில் தொடங்கி ஆடி வரை ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. எந்த நாள் வில்வளைப்பு, எந்த நாள் துகில், எந்த நாள் அர்ச்சுனன் தபசு, எந்த நாள் படுகளம், தீமிதி என்று ரோஸ் தாளில் வரிசையாக அடித்துக் கொடுப்போம்.

“ஊருக்கே நோட்டீஸ் அடிக்கிறவர்தானே” என்று சொல்லித்தான் எங்கள் ஊர்க் கலை மையத்தின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் என் தலையில் கட்டினார்கள். மையம் என்றதும் பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓடாமல் கிடந்த ரைஸ் மில் கொட்டகை. சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு அடவு, மிருதங்கம், முகவீணை சொல்லிக்கொடுக்கிறார்கள். வேஷத்துக்கான மர அணிகளான கட்டைகளுக்குக் கண்ணாடிச் சில்லு ஒட்டவும் பழக்குகிறார்கள். கட்டணம் கிடையாது. வாத்தியார் ஐம்பது வருஷமாகப் பெண் வேஷம் கட்டுகிறவர். இந்தப் பக்கத்துத் திரௌபதி என்றால் பெரியவர்களுக்கு அவர் முகம்தான்.

இந்த போன் வேலை ஆரம்பித்ததே வயிற்றுக்காகத்தான். 2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது. கூத்துக்காரர்களுக்கு வருஷச் சம்பாத்தியம் முழுக்க அந்த நாலைந்து மாதத்தில் வருவது. கோயில் கதவுகள் சாத்தியிருந்தபோது திறந்திருந்த ஒரே தெரு போன்தான். கொட்டகையில் உட்கார்ந்து பாடியதை எடுத்துப் போட்டோம். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பார்த்துவிட்டு அரிசிக்குப் பணம் அனுப்பினார்கள். அந்த நன்றியை மறந்து, போன் கலையைக் கெடுத்துவிட்டது என்று என்னால் எழுத முடியாது.

கூத்து திரும்பவும் தொடங்கியபோது, “போனில் போடுவதற்கு ஒரு திட்டம் வேண்டும்” என்று மையத்தின் கமிட்டி கூடியது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், “கடமையைச் செய்வோம், பலனை எதிர்பார்க்க வேண்டாம். லைக் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன” என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. ஆள் வராத கூத்துக்கு அடித்த நோட்டீஸ் வீண் தாள். அறிவிப்பு என்பதே பலனுக்காகச் செய்கிற காரியம். பலன் எது என்பதில்தான் எனக்குக் குழப்பம் வந்தது. அந்தக் குழப்பத்தில் ஒரு தப்பும் செய்தேன்.

துகில் இரவு. அரிதாரம் பூசும் கொட்டகைக்குள் போனேன். வாத்தியார் பாதி வேஷத்தில் இருந்தார். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வண்ணம். சவுரி இன்னும் வைக்கவில்லை. சேலை இடுப்போடு நிற்கிறது. ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் பீடி. எதற்கோ சிரித்தார். எனக்கு அது அற்புதமான காட்சியாகத் தெரிந்தது. ஒரு மனிதன் தெய்வமாக மாறுவதற்குச் சற்று முந்தைய கணம் அல்லவா? இருபது வினாடி எடுத்து, ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்து அங்கேயே போட்டுவிட்டேன். அதுவரை நாங்கள் போட்ட எதுவும் அந்த அளவுக்குப் பரவியதில்லை. விடிவதற்குள் ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் பார்த்தார்கள், சிரித்தார்கள், கேலி எழுதினார்கள்.

அன்றைக்குத் துச்சாதனன் சேலையில் கை வைக்கும் முன் வழக்கம்போலக் கற்பூரம் காட்டினார்கள். முன்வரிசையில் பெண்கள் கும்பிட்டார்கள். பின்னால் பையன்கள் சிலர் போனைப் பார்த்துவிட்டு மேடையைப் பார்த்தார்கள், மறுபடியும் போனைப் பார்த்தார்கள்.

வாத்தியார் திட்டவில்லை. மறுநாள் அச்சகத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். “தம்பி, நான் திரைக்குப் பின்னால வந்து நிக்கறேன். அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவன் யாரைப் பாக்கப் போறான்? அம்மாவையா, பீடி குடிச்சவனையா?” அவ்வளவுதான் கேட்டார். பதிவை எடுத்துவிட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை.

கூத்துத் திரையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வேஷக்காரர் அதன் பின்னால் நின்று பாடுவார். மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கைக் கால் தெரியும், நடுவில் ஆள் தெரியாது. கட்டியக்காரன் ‘யார் நீ’ என்று கேட்டுக் கேட்டு ஆவலைக் கூட்டுவான். துணி விலகும்போது நிற்பது ராஜா. எங்கள் தெருவில் மாடு மேய்க்கிறவர்தான் அவர் என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் ராஜா. அந்த ராஜாவை உண்டாக்கியது பாதி பாட்டு, பாதி துணி. நான் அந்தத் துணியின் பின்பக்கமாகப் போய் எட்டிப் பார்த்து, பார்த்ததை ஊருக்குக் காட்டியிருக்கிறேன்.

அப்பா சைவர். எழுத்து கோத்துக்கொண்டே சித்தாந்தம் பேசுவார். அச்சகச் சுவரில் மாட்டியிருந்த நடராசர் படத்தைக் காட்டி அவர் சொல்லித்தந்த பாடம் அன்றைக்கு ஞாபகம் வந்தது. ஐந்தொழில் என்கிறோம்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் ஒன்றான உண்மை விளக்கம் இந்த ஐந்தையும் நடராசர் திருமேனியில் இடம் குறித்துச் சொல்கிறது. உடுக்கை படைத்தல். அபயம் காட்டும் கை காத்தல். தீ அழித்தல். தூக்கிய கால் அருளல். எல்லோரும் தூக்கிய காலைத்தான் கும்பிடுகிறோம். கீழே ஊன்றிய காலுக்குக் கொடுத்த வேலை மறைத்தல். ஊன்றிய கால் இல்லாமல் மற்றது தூக்குவதெப்படி?

கடவுள் ஏன் மறைக்க வேண்டும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். உயிர் பக்குவப்பட நாள் ஆகும். அதுவரை இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு உலகத்தைக் காட்டுகிறான். உயிர் அதில் உழன்று, மலம் பழுத்து உதிர்ந்த பிறகு தன்னைக் காட்டுகிறான் என்பது அப்பா சொன்ன பதில். ஆகவே மறைப்பதும் அருள்தான் என்கிறது சித்தாந்தம். திரோதானம் என்பது அதன் பெயர். சிதம்பரத்தில் ரகசியம் என்று திரையை விலக்கிக் காட்டுவது வெறும் வெளியையும் அதில் தொங்கும் பொன் வில்வ மாலையையும்தான். அந்தத் திரை இல்லாமல் அதே வெளியைக் காட்டினால் நமக்கு அது வெறும் சுவர்.

இதை இப்படியே விட்டால் ஆபத்து. மறைத்தல் அருள் என்று சொல்லி யாரையும் வெளியே நிறுத்திவிடலாம். நம் ஊர்களில் பல பேரைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் போனது 1939-இல்தான். மாகாணம் முழுக்கச் சட்டம் வந்தது 1947-இல். கதவடைப்பும் நடை சாத்துவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். நடை சாத்தினால் திறக்கும் நேரம் உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். கதவடைப்புக்கு நேரமே கிடையாது. சித்தாந்தம் சொல்லும் மறைப்பு, பின்னால் காட்டப்போவதற்காக மறைப்பது. யாருக்கும் எப்போதும் காட்டாமல் வைப்பதற்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது.

மறைப்பதற்கும் காட்டுவதற்கும் சேர்த்து எங்கள் முன்னோர் ஒரு வழி வைத்திருந்தார்கள். மூலவர் பொதுவாகக் கருவறையை விட்டு நகரமாட்டார். உற்சவர் வீதிக்கு வருவார். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவிக்கும், கடையை விட்டு வர முடியாதவனுக்கும் வாசலிலேயே தரிசனம். சுற்றி முடித்ததும் அவரும் உள்ளே போய்விடுவார். பின்னாலேயே நாலு பேர் கோயில்வரை போவார்கள். சமூக ஊடகத் திட்டம் என்று தனியாக ஒன்றை நான் யோசிக்க வேண்டியதில்லை என்று தோன்றியது. எது மூலவர், எது உற்சவர் என்று பிரித்தால் போதும்.

ஒரு மாதம் வாத்தியாரோடு உட்கார்ந்து பிரித்தோம். முகவீணை ஒரு நிமிஷம், அடவுப் பாடம், கிரீடத்தில் கண்ணாடி ஒட்டுவது, கட்டியக்காரனின் நக்கல் எல்லாம் உற்சவர்; தாராளமாக வீதிக்குப் போகலாம். அரிதாரக் கொட்டகை, துகில், படுகளம், யாருக்காவது ஆவேசம் வரும் நேரம் ஆகியவை மூலவர். எங்கள் கேமரா போகாது. தபசு மரத்தில் அர்ச்சுனன் ஏறுவதைக் காட்டலாம், அவர் மேலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்துக்கு வரம் வேண்டி மடியேந்தும் பெண்களின் முகத்தைக் காட்டக் கூடாது. பிள்ளைகளின் முகம், பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டால் மட்டும். கூத்தன்று காலையும் மாலையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஊர், கோயில், கதை, தொடங்கும் நேரம், கடைசி பஸ். ரோஸ் தாளில் இருந்த அதே விவரம்தான்.

கமிட்டி இளைஞர் ஒருவர் நியாயமாகக் கேட்டார்: “நாம எடுக்கலைன்னா மத்தவன் எடுத்துப் போடறான். என்ன பிரயோஜனம்?” ஊர் எடுப்பதைத் தடுக்க எங்களால் ஆகாது, தடுக்கவும் போவதில்லை. விரதம் நம் வயிற்றுக்குத்தான், பக்கத்து வீட்டு அடுப்பை அணைப்பதற்கு அல்ல என்றேன்.

எனக்குத் தீராத சங்கடம் வேறொன்று. தேர் எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெரு வாசலோடு திரும்பிவிடும் என்பதற்காக நம் ஊர்களில் எத்தனை சண்டை! இன்றைக்கு எங்கள் உற்சவரை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பது ஏதோ ஓர் அல்காரிதம். சினிமாப் பாட்டு சேர்த்தால் நான்கு ராஜவீதியும் சுற்றுகிறது. முகவீணை மட்டும் என்றால் சந்நிதித் தெருவிலேயே நின்றுவிடுகிறது. அதனால் தேர் போகாத தெருவுக்குத் தோளில் சுமந்து போகிறோம். காலனிப் பிள்ளைகளின் வீட்டுக்கும் பஞ்சாயத்துப் பள்ளிக்கும் எங்களில் ஒருவர் நேரில் போய்ச் சொல்கிறார். போன் இல்லாத வீட்டுக்கு இன்னும் ரோஸ் தாள்தான். அதை அடிப்பதற்குக் காசு வாங்குவதில்லை.

லைக் எண்ணிக்கையை மறைத்து வைக்கும் வசதியை இன்ஸ்டாகிராம் 2021-இல் கொடுத்தது. கம்பெனிக்காரனுக்கும் கொஞ்சம் திரோதானம் புரிந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதைப் போட்டுவிட்டேன். அந்த எண்ணுக்குப் பதில் கொட்டகைத் தூணில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். புதிதாக வகுப்புக்கு வரும் பிள்ளையின் பெயரையும், எப்படித் தெரிந்து வந்தது என்பதையும் வாத்தியாரே எழுதுகிறார்.

பீடி வீடியோ ஊரெல்லாம் சுற்றிய மாதம் அந்த நோட்டு இருந்திருந்தால் ஒரு பெயரும் ஏறியிருக்காது. அந்த மாதம் யாரும் வந்து சேரவில்லை. இந்தப் பருவத்தில் ஏழு பெயர் ஏறியிருக்கிறது. இரண்டு பேர் முகவீணை வீடியோ பார்த்து வந்தவர்கள். மற்ற ஐந்து பேரைக் கூட்டி வந்தது அந்த இருவர்.