கோடை முகாமும் கல்லூரி மாணவரும்: ஊழியத்தில் பலன் என்னும் கேள்வி

கிறிஸ்தவக் கோடை முகாம் என்பது பள்ளி விடுமுறையில் சிறுவர்களை ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஓரிடத்தில் தங்கவைத்து, விளையாட்டு, பாட்டு, வேதபாடம், ஜெபம் எல்லாவற்றையும் அன்றாட வாழ்க்கையோடு சேர்த்துத் தரும் ஏற்பாடு. அமெரிக்காவில் ஏரிக்கரைகளிலும் காட்டோரங்களிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இவை நடக்கின்றன. முகாமின் அன்றாட வேலைகளைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களே. ஒரு மரக்குடிலில் எட்டுப் பத்துச் சிறுவர்களுடன் மாணவர் ஒருவர் தங்குவார். காலையில் அவர்களை எழுப்புவதில் தொடங்கி, இரவு விளக்கணைத்த பிறகு வரும் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்வது வரை அவர் பொறுப்பு.

விடுமுறையில் சிறுவர்களைத் திரட்டி ஊழியம் செய்யும் வழக்கம் பழையது. 1868இல் வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பையர்ஸ் என்பவர் கடவுளின் அன்பைச் சொல்லும் வாசகம் ஒன்றை மணலில் பெரிதாக எழுதி, அந்த எழுத்துகளைக் கிளிஞ்சலும் கூழாங்கல்லும் வைத்து அலங்கரிக்கும்படி அங்கிருந்த சிறுவர்களை அழைத்தார். கடற்கரை ஊழியங்களுக்கு அது முன்மாதிரியானது. 1885இல் ஒய்.எம்.சி.ஏ. ஊழியரான சம்னர் டட்லி நியூயார்க் மாநிலத்தில் சில சிறுவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று கூடாரம் அடித்தார். அவர் பெயரைத் தாங்கிய முகாம் இன்றும் நடக்கிறது. 1901இல் நியூயார்க் நகரில் விடுமுறை வேதாகமப் பள்ளிகளைத் தொடங்கிய ராபர்ட் போவில் மூன்று விஷயங்களைக் கவனித்தார்: கோடையில் தெருவில் திரியும் பிள்ளைகள், பூட்டிக் கிடக்கும் ஆலயங்கள், வேலையில்லாமல் இருக்கும் கல்லூரி மாணவர்கள். மூன்றையும் ஒன்றாக இணைத்ததே அவருடைய திட்டம். மாணவர் இந்த ஊழியத்தில் கூடுதல் கைகளாகப் பின்னால் சேர்ந்தவர் அல்லர்; தொடக்கத்திலேயே திட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு அவர்தான்.

முகாம் சிறுவர்களுக்காக நடத்தப்படுகிறது. ஆனால் அதில் அதிகம் மாறுகிறவர் பல வேளைகளில் பணி செய்யும் மாணவரே. இந்த மாற்றத்தைப் பலன் என்று சொல்லலாமா, பலனை எண்ணிச் செய்யும் வேலை ஊழியமாகுமா என்பது கிறிஸ்தவச் சிந்தனையில் எளிதில் தீராத கேள்வி. அதற்குமுன் பலன்கள் எவை என்று பார்க்க வேண்டும்.

முதலாவது, விசுவாசத்தின் தெளிவு. சிறுவயதிலிருந்து ஆலயத்தில் வளர்ந்த மாணவருக்கு மீட்பு, கிருபை, மன்னிப்பு ஆகிய சொற்கள் பழகிப்போனவை. பழகிய சொல்லுக்குப் பொருள் தெரியும் என்று நினைப்பது இயல்பு. ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று, "செத்துப்போன எங்க தாத்தா சர்ச்சுக்கே போனதில்ல. அவர் இப்ப எங்க இருப்பார்?" என்று கேட்கும்போது அந்தச் சொற்கள் கைகொடுப்பதில்லை. பிள்ளைக்குப் புரியும் மொழியில், பொய் சொல்லாமல், பயமுறுத்தாமல் பதில் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும். இரவல் நம்பிக்கை சொந்த நம்பிக்கையாக மாறுவதோ, அதில் உள்ள ஓட்டை தெரிவதோ இப்படிப்பட்ட இடத்தில்தான். இரண்டுமே ஆதாயம்.

இரண்டாவது, குணப் பயிற்சி. நற்குணங்கள் பாடம் கேட்டு வருவதில்லை, செய்து செய்து படிவன என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. முகாமில் அதற்கு வாய்ப்பு இரவு பகலாகக் கிடைக்கிறது. வீட்டு நினைவில் அழும் பிள்ளை முதல் இரவில் எப்படியும் ஒன்றாவது இருக்கும். படுக்கையை நனைத்துவிட்டு யாருக்கும் தெரியக் கூடாதே என்று விடியும்வரை அசையாமல் கிடக்கும் பிள்ளையும் இருக்கும். விவரம் அறிந்த பொறுப்பாளர் மற்றவர்களைக் காலை விளையாட்டுக்கு முன்னதாக அனுப்பிவிட்டு, விரிப்பை மாற்றி, ஈரத்துணியைத் துவைக்கப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வந்து சேர்ந்துகொள்வார். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய நிகழ்ச்சியைப் பிரசங்கத்தில் பலமுறை கேட்டவருக்கும் அதன் பொருள் புரிவது அந்த விரிப்பை அலசும்போதாக இருக்கலாம்.

மூன்றாவது, கூட்டு வாழ்க்கை. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் ஃபின்கன்வால்டில் நடத்திய குருமார் பயிற்சிப் பள்ளியை 1937இல் நாஜி அரசு மூடியது. அங்கே மாணவர்களுடன் வாழ்ந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய நூல் 1939இல் வெளிவந்தது. சேர்ந்து வாழ்வோர் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய முதல் ஊழியம் காதுகொடுத்துக் கேட்பது, அடுத்தது சிறு உதவிகள், பிறகு பிறருடைய பாரத்தைச் சுமப்பது என்று அதில் வரிசைப்படுத்துகிறார். கல்லூரி விடுதியில் பிடிக்காதவரை விட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். முகாமில் அது முடியாது. முந்தின நாள் சண்டை போட்டவரோடு மறுநாள் காலை ஒரே மேசையில் நூறு பேருக்குத் தட்டு வைக்க வேண்டும்.

உலகியல் பயன்களும் உண்டு. பொறுப்பெடுத்தல், கூட்டத்தில் பேசுதல், அவசரத்தில் பதறாமை ஆகியவை பின்னாளில் எந்த வேலைக்கும் உதவும். சம்பளம் குறைவு என்பதால் கோடையில் ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்குப் போவதே மேல் என்று கருதுவோரும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனினும் சிலருக்கு வாழ்க்கைப் பாதையே முகாமில் தெளிவாகிறது. இங்கிலாந்தில் இ.ஜே.எச். நாஷ் நடத்திய ஐவர்ன் முகாம்களின் நிர்வாக வேலைகளை 1940களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்த ஜான் ஸ்டாட் கவனித்தார். பின்னர் குருவான அவர், உலக நற்செய்திப் பணி குறித்த 1974ஆம் ஆண்டின் லோசான் உடன்படிக்கையை வடித்தவர்களில் முதன்மையானவர்.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய வடிவம் விடுமுறை வேதாகமப் பள்ளி. மே மாத வெயிலில் ஊர் ஆலய வளாகத்தில் சுமார் பத்து நாள் நடக்கும் இந்தப் பள்ளியில் ஆசிரியர்களாக வருவோரில் கல்லூரி மாணவ மாணவியர் பலர். பிள்ளைகளுக்கு அவர்கள் சார், மிஸ் அல்லர், அண்ணன், அக்கா. கை காட்டிப் பாடும் பாட்டும், மனப்பாட வசனமும், கடைசி நாள் பேரணியும் அவர்கள் பொறுப்பு. பிற சமயக் குடும்பத்துப் பிள்ளைகளும் வந்து உட்காரும் இடம் அது என்பதால், தன் நம்பிக்கையை மறைக்காமலும் அடுத்தவர் வீட்டு நம்பிக்கையை இழிவுபடுத்தாமலும் பேசும் பக்குவம் அங்கே கட்டாயமாகிறது.

இவற்றுக்கு மறுபக்கமும் உண்டு. ஐவர்ன் முகாம்களில் முக்கியப் பொறுப்பில் இருந்த வழக்கறிஞர் ஜான் ஸ்மைத் சிறுவர்களையும் இளைஞர்களையும் கொடுமைப்படுத்தியது பல ஆண்டுகள் மூடிமறைக்கப்பட்டது. 2024 நவம்பரில் அதுபற்றிய மேக்கின் அறிக்கை வெளிவந்ததும் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். பக்தியின் பெயரால் கிடைக்கும் அதிகாரத்துக்குக் கடிவாளம் தேவை என்பதை இது காட்டுகிறது. எந்தப் பிள்ளையுடனும் தனியறையில் இருக்கக் கூடாது, புகார் வந்தால் மறைக்கக் கூடாது என்னும் விதிகளை மாணவர் முதல் நாளே கற்க வேண்டும். முகாமின் கடைசி இரவில் மூட்டும் நெருப்பைச் சுற்றி உணர்ச்சி பொங்கும் நேரத்தில் பிள்ளைகளை விசுவாசம் பற்றி முடிவெடுக்கத் தூண்டுவதும் சரியன்று. அந்த உணர்ச்சியே விசுவாசம் என்று மாணவர் நம்பிவிட்டால், கல்லூரி திறந்த மறுவாரமே சோர்வு வந்துவிடும்.

இனி, பலனைப் பற்றிய கேள்வி. சீர்திருத்தத் திருச்சபை மரபில், நற்செயலால் மீட்பைச் சம்பாதிக்க முடியாது. நற்செயல் தேவைப்படுவது அயலானுக்குத்தான். இதன்படி முகாம் வேலை புண்ணியக் கணக்கில் சேராது, விண்ணப்பத்தில் எழுதும் தகுதியாக மட்டும் அதைக் கருதுவதும் பொருந்தாது. அதே வேளையில் பலன் வருவதை அந்த மரபு மறுப்பதும் இல்லை. பலனைக் குறியாக வைத்தால் அது தவறிப்போகும் என்பதே அதன் எச்சரிக்கை. தன் பொறுமையை வளர்த்துக்கொள்வதற்காக அழும் பிள்ளையின் அருகில் உட்காருபவர் தன்னையே கவனித்துக்கொண்டிருக்கிறார். பிள்ளையின் அழுகை ஓய வேண்டும் என்று உட்காருபவருக்குப் பொறுமை தானாக வருகிறது. மத்தேயு நற்செய்தியின் நியாயத்தீர்ப்புக் காட்சியில் பசித்தவருக்கு உணவிட்டவர்கள், நாங்கள் எப்போது அப்படிச் செய்தோம் என்று வியந்து கேட்கிறார்கள். அவர்கள் கணக்கு வைத்திருக்கவில்லை.