அரைகுறைச் சங்கீதம்

ஒரு வித்தையை அரைகுறையாகக் கற்ற ஒருவன் அதனைப் பிறர் முன்னிலையில் எடுத்தாளலாமா? இக்கேள்வி பார்வைக்குச் சிறியது. ஆயினும், கலைக்கு உரியவர் யார், வாய்மூடிக் கேட்டிருக்க வேண்டியவர் யார் என்னும் பெரிய வழக்கொன்று இதனுள்ளே அடங்கிக் கிடக்கின்றது. ஆதலின் இதனைச் சற்று ஆராய்தல் வீண்வேலையாகாது.

நாம் டெங்கிலுக்கு அணித்தாயுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்திற் கிராணி வேலை பார்த்து வருகின்றோம். குலைக்கணக்கு, சம்பளக் கணக்கு, லாரிச் சீட்டு இவற்றோடு பகல் கழியும். முப்பது வயதைக் கடந்த பின்னரே நமக்கு வாத்திய ஆசை பிறந்தது. முதலில் உகுலேலே ஒன்றும், அடுத்த ஆண்டு கிட்டார் ஒன்றும் வாங்கினோம். ஆசிரியர் எவருமிலர், கைப்பேசியில் வரும் பாடங்களே ஆசிரியர். உகுலேலேக்கு நரம்புகள் நான்கு. அவற்றுள் ஒன்றன் மூன்றாம் மெட்டில் ஒரே விரலை வைத்து நான்கையும் மீட்டினால் ஒரு கார்டு பிறந்துவிடும். ஒன்றோடொன்று இசைந்த சில சுரங்களை ஒருங்கே எழுப்புவதற்கே கார்டு என்று பெயர். கிட்டாரோ அவ்வளவு இரக்கமுடையதன்று. அதன் ஆறு கம்பிகளும் விரல்நுனியைப் புண்ணாக்கிய பின்னரே வசப்படும். ஸி, ஏ மைனர், ஜி என்பவை ஒருவாறு கைவந்தன. எஃப் என்பதோ சுட்டுவிரலொன்றே ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டிய முரட்டுக் கார்டு. அதற்கு மட்டும் நான்கு மாதம் சென்றது. இந்த நான்கையும் கொண்டு ஜனங்கள் விரும்பும் பாட்டுகளுள் எத்தனையோ பாட்டுகளுக்குத் துணை வாசிக்கலாம் என்று அறிந்தபோது நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

இதனைக் கண்ட நண்பரொருவர், "நிறைகுடம் தளும்பாது, நீர் தளும்புகின்றீர்" என்றார். அவர் பத்தாண்டுகள் முறையாகச் சங்கீதம் பயின்றவர். அவருடைய கட்சியை அதன் முழு வலிமையோடு சொல்லுவதே நேர்மையாகும். சங்கீதம் காதைப் பண்படுத்தும் கல்வி. பிரிக்பீல்ட்ஸிலுள்ள நுண்கலைக் கோயில் போன்ற இடங்களில் குழந்தைகள் ஆண்டுக்கணக்காகச் சாதகம் செய்கின்றனர். நான்கு கார்டுகளைத் தட்டுபவனும் அவர்களும் ஒன்றெனக் கொண்டால், உழைப்புக்கு மதிப்பேது? பிழையானதைப் பலமுறை கேட்கும் ஜனங்கள் பிழையையே சரியென்று கொள்ளமாட்டார்களா? இவை புறந்தள்ளத்தக்க கேள்விகள் அல்ல.

எனினும், இந்த உகுலேலே எங்கிருந்து வந்தது என்பதை நண்பர் அறிந்திருப்பின், தோட்டத்தான் கையில் அதனைக் கண்டு அவ்வளவு வியந்திருக்க மாட்டார். 1879ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், போர்த்துகலுக்குரிய மதீரா தீவிலிருந்து 400க்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு ரேவன்ஸ்க்ராக் என்னும் கப்பல் ஹவாய்த் தீவுகளின் ஹோனலூலு துறையை அடைந்தது. வந்தவர்கள் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்க வந்தவர்கள். அவர்களுள் மானுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜொசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ என்னும் தச்சர் மூவரும் இருந்தனர். தங்கள் ஊரின் சிறு நரம்புவாத்தியத்தை மாதிரியாகக் கொண்டு, ஹவாயில் வளரும் மரத்தால் இவர்கள் செய்து விற்றதே உகுலேலேயாயிற்று. கலாகௌவா மன்னன் அதனை அரண்மனையில் ஆதரித்தான். 1915ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெருங்கண்காட்சிக்குப் பின் அது அமெரிக்கா முழுதும் பரவிற்று. சபைகளிற் பிறவாது, கப்பலேறி வந்த கூலிகளின் மூட்டைமுடிச்சுகளோடு வந்து தோட்டத்தில் வேரூன்றிய வாத்தியம் அது. நம் பாட்டனாரும் அவ்வாறே கப்பலேறி இந்நாட்டின் பால்மரக் காட்டிற்கு வந்தவர்தாம். ஆகவே, உகுலேலே நமக்கு அந்நியமன்று. ஒருவகையில் உறவே யாகும்.

இது நிற்க. பேசுவதற்கு முன் ஒருவன் இலக்கணம் முழுதும் கற்றிருக்க வேண்டுமென்று எவரேனும் விதிப்பரோ? விதிப்பின் உலகில் ஊமைகளே மிகுவர். பேச்சு மாந்தர் யாவர்க்கும் பொதுவாயிருப்பதனாலேயே புலவனுடைய பேச்சுக்குச் சிறப்புண்டாகின்றது. பாட்டும் அத்தகையதே. தமிழ் மக்கள் கூடும் அவையில் அவர்களுக்கு விளங்கும் மொழியிற் பாட வேண்டுமென்று கேட்பதற்கே ஓர் இயக்கம் தோன்ற வேண்டியிருந்தது. 1943ஆம் ஆண்டிற் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. அன்று கேட்டது செவிக்குரிய உரிமை. இன்று நாம் கேட்பது கைக்குரிய உரிமை. கேட்பதற்கு மட்டும் ஜனங்கள் வேண்டும், வாசிப்பதற்கு வேண்டா என்பது, சமைப்பவள் உண்ணலாகாது என்பதை யொத்த நியாயமே. குறைகுடம் தளும்பும் என்பது மெய்தான். ஆனால் அதனுள் இருப்பதும் தண்ணீரே. தாகமுற்றவனுக்கு அதுவும் உதவும்.

இவ்வளவும் நாம் நண்பரிடம் வாதித்து வென்றவை. ஆனால், நம்மை நாமே தோற்கடித்துக்கொண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாவிடின் இக்கட்டுரை பொய்யாய் முடியும்.

சென்ற ஆண்டுப் பொங்கலன்று தோட்டத்து மண்டபத்தில் நாம் கிட்டார் வாசித்தோம். கூட்டத்தில் ஒரு பாட்டியார் இருந்தார். பெராங் பெசார்த் தோட்டத்தில் நாற்பதாண்டுகள் பால்மரம் சீவியவர். 1995இல் அந்நிலத்திற் புத்ராஜெயா நகரம் எழத் தொடங்கிய பின்னர், அங்கிருந்த குடும்பங்கள் பலவற்றைப்போல் டெங்கிலுக்குக் குடிபெயர்ந்தவர். நாம் ஒரு பழைய சினிமாப் பாட்டைத் தொடங்கியதும் அவர் தாமே எழுந்து நின்று பாடலானார். குரல் நம் கார்டுகளோடு பொருந்தவில்லை. இரண்டு அடி பொறுத்தோம். பின்னர்க் கையை நிறுத்தி, "பாட்டி, சுருதி தப்புகிறது" என்றோம். "நீங்க படிச்சவங்க, ஐயா. எனக்கென்ன தெரியும்" என்று சொல்லி அவர் அமர்ந்துவிட்டார். பிறகு எவர் வேண்டியும் பாடவில்லை.

சில வாரங்கள் சென்று, கேப்போ என்னும் சிறு கவ்வியைப் பற்றிய பாடமொன்றைக் கண்டோம். கிட்டாரின் கழுத்தில் எந்த மெட்டில் அதனைப் பொருத்துகின்றோமோ அவ்வளவுக்குச் சுருதி உயரும். விரல்கள் பழைய கார்டுகளையே பிடிக்கலாம். அப்பொழுதே நமக்கு உண்மை விளங்கிற்று. பாட்டியார் ஓரடியிலேனும் சுருதி தப்பவில்லை. தம் குரலுக்கேற்ற சுருதியில், நமக்கு மூன்று அரைச்சுரம் மேலே, பிசகின்றிப் பாடிக்கொண்டிருந்தார். மூன்றாம் மெட்டிற் கேப்போவைப் பொருத்தியிருந்தாற் போதும். நாமோ இசைத்தட்டிற் பாடியவருடைய சுருதிக்கு எழுதப்பட்ட குறிப்பை வேதமாகக் கொண்டு, உயிரோடு எதிரே நின்று பாடியவரைப் பிழையென்றோம். எந்தக் காவலை எதிர்த்து நண்பரிடம் வாதிட்டோமோ, அதே காவலனாய் மண்டப வாயிலில் நாமே நின்றிருக்கின்றோம்! நான்கு கார்டும், ஆங்கிலப் பள்ளிப் படிப்பும், கிராணி என்னும் பட்டமும் சேர்ந்து நமக்கு அந்தத் துணிவைத் தந்தன.

டெங்கிலில் அவர் வீட்டை விசாரித்துச் சென்று, பிழை நம்முடையதென்று சொன்னோம். அவர் சிரித்து, தேநீர் ஊற்றிக் கொடுத்தார். சினிமாப் பாட்டைப் பாடவில்லை. அதற்கு மூச்சுப் போதாதென்றார். லயத்திற் பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டொன்றை மெல்லத் தொடங்கினார். கேப்போவை எடுத்தோம், பயனில்லை. அம்மெட்டு நம் கிட்டாரின் மெட்டுகளுக்கு இடையிலே வழுக்கிச் சென்றது. எந்தக் கார்டும் அதற்கு ஒத்துவரவில்லை. ஆகவே ஒரே கம்பியை அவருடைய ஆதார சுருதிக்கு முறுக்கி, அதை மட்டும் மீட்டிக்கொண்டிருந்தோம். "இது நல்லாயிருக்கு, தம்பி" என்றார். ஐயா என்றவர் தம்பி என்றது, நமக்கு எந்தப் பரிசையும்விடப் பெரிது.

ஆதலின் நாம் தொடங்கிய கேள்விக்கு விடை இதுவே. அரைகுறையாகக் கற்றவன் தாராளமாக வாசிக்கலாம். விரல் பிசகுவதால் எவர்க்கும் கேடில்லை. தன் குறையறிவை அளவுகோலாக்கி, எதிரே பாடுபவரை அளக்கத் தொடங்குவதே கேடு. அக்குற்றம் முழுதும் கற்றவரிடத்தும் உண்டு. ஆயினும் அவர்க்கு அது ஒரு குற்றம், நமக்கோ குற்றமும் அறியாமையும். துணை வாசிப்பவன் பாடுபவருடைய சுருதிக்குத் தான் இறங்கவும் ஏறவும் கடமைப்பட்டவன். கார்டுகள் போதாத இடத்தில் ஒற்றைக் கம்பியோடு நிற்கவும் அவன் தெரிந்திருக்க வேண்டும்.

தோழர்களே, உங்கள் வீட்டுச் சுவரில் வாத்தியமொன்று தூசி படிந்து தொங்குமாயின் அதனை இன்றே இறக்குங்கள். முதலில் உங்கள் வீட்டு முதியவர் ஒருவரைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். அதன் பின்னர் சுருதி கூட்டுங்கள்.